யாருடைய நம்பிக்கை? மனநலச் சமூகப்பணியில் மதத்தின் இடம்

1. ஏர்வாடி எழுப்பிய கேள்வி

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். தீ வருவதைக் கண்டும் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுவந்தால் குணமாகும் என்று நம்பிய குடும்பங்கள் அங்கே விட்டுச்சென்ற மனிதர்கள் அவர்கள். ஒரு வாரத்துக்குள் அவ்வூரின் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது.

அந்தத் தீக்குப் பிறகு தமிழில் நடந்த விவாதம் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடியது. மூடநம்பிக்கை கொன்றது என்றார்கள் ஒரு சாரார். நம்பிக்கையைக் குறை சொல்லாதீர்கள், அரசு கண்ணை மூடிக்கொண்டிருந்ததே காரணம் என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மனநோயால் வாடுபவரோடும் அவர் குடும்பத்தோடும் நாள்தோறும் பேச வேண்டிய சமூகப்பணியாளருக்கு இரண்டுமே வழிகாட்டுவதில்லை. தாயத்துக் கட்டிய கையோடு ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குணசீலம் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம் தங்கலாமா என்று அவர் அம்மா கேட்கிறார். பணியாளர் என்ன சொல்ல வேண்டும்? அவர் தாமே பக்தராக இருந்தால் ஒரு பதிலும், நாத்திகராக இருந்தால் வேறொரு பதிலும் சொல்லலாமா? சமூகப்பணியில் மதநம்பிக்கைக்கு இடம் உண்டா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது என்பது இக்கட்டுரையின் வாதம். நம்பிக்கை யாருடையது, அதை வைத்து யார் யாரை ஆள்கிறார்கள் என்று கேட்கும்போதுதான் விடை தெளியத் தொடங்குகிறது.

2. மதத்திலிருந்து பிறந்த தொழில்

சமூகப்பணி என்ற தொழில் மதத்தின் மடியில் பிறந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்துவேறுபாடு இல்லை. 1884இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் டாயின்பி ஹால் என்ற குடியேற்ற இல்லத்தை (படித்தவர்கள் ஏழைகளிடையே குடியிருந்து பணியாற்றும் இல்லம்) தொடங்கிய சாமுவேல் பார்னெட் ஆங்கிலிக்கன் திருச்சபைப் போதகர். இந்தியாவில் சமூகப்பணிக்கான முதல் கல்விக்கூடம் 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா பெயரில் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷர்ட், நாக்பாடா சேரிப் பகுதியில் அக்கம்பக்க இல்லம் நடத்திவந்த அமெரிக்க மிஷனரி. நம் பக்கத்தில், 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையைத் தொழில்முறைச் சமூகப்பணி என்று சொல்ல முடியாது. ஆயினும் அதில் ஒரு நெறி வெளிப்படையாக இருந்தது. உணவு பெறுவதற்குப் பசி ஒன்றே தகுதி. உண்பவர் எதை நம்புகிறார் என்ற கேள்விக்கு அங்கே வேலை இல்லை. கொடுப்பவரின் நம்பிக்கை அடுப்பை மூட்டியது. பெறுபவர் அதற்கு விலை தர வேண்டியிருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தொழில் வளர வளர, இந்தப் பிறப்பை மறைக்கும் முயற்சியும் வளர்ந்தது. அறிவியல் சார்ந்த தொழில் என்று பெயரெடுக்க வேண்டுமானால் கோயில் வாசனை கூடாது என்று பாடத்திட்டங்கள் கருதின. மதம் பாடநூல்களின் முதல் இயலில் வரலாறாக வந்து, அதோடு விடைபெற்றது. ஆனால் இந்த மறதிக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. இன்று உலகெங்கும் சமூகப்பணி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஏழு நெறிகளை 1957இல் வகுத்துத் தந்த ஃபெலிக்ஸ் பீஸ்டெக் ஓர் இயேசு சபைக் குரு. உதவி நாடி வருபவரை அவர் இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்வது, அவர் மீது தீர்ப்புச் சொல்லாதிருப்பது, அவர் வாழ்க்கை பற்றிய முடிவை அவரே எடுக்கவிடுவது ஆகியவை அந்த ஏழில் அடங்கும். மதச்சார்பற்ற தொழிலின் மனசாட்சி என்று நாம் கருதும் நெறிகளை எழுதியவர் ஒரு பாதிரியார். மனிதர் கடவுளின் சாயல், ஆகவே அவர் மதிப்பை யாரும் பறிக்க முடியாது என்ற நம்பிக்கை அவருக்கு அடிப்படையாக இருந்தது. ஆனால் அந்த நெறிகளைப் பின்பற்ற அந்த நம்பிக்கையை ஏற்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. சரியான எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பணியாளரின் நம்பிக்கை அவரை வேலைக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். வேலை செய்யும் கருவியாக அது மாறக் கூடாது.

3. கோயிலில் தங்கிய 31 பேர்

பணியாளரின் நம்பிக்கை இருக்கட்டும். நோயுற்றவரின் நம்பிக்கைக்கு என்ன இடம்? இதைப் பற்றிக் கருத்துகள் ஏராளம், சான்றுகள் குறைவு. இருக்கும் சான்றுகளில் கவனத்துக்குரிய ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. ஆர். ரகுராம், ஏ. வெங்கடேஸ்வரன், ஜெயஸ்ரீ ராமகிருஷ்ணா, மிட்செல் வைஸ் ஆகியோர் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட 31 பேரை ஆய்வு செய்து, முடிவுகளை 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு போன்ற கடுமையான நோய் இருந்தது. சராசரியாக ஆறு வாரம் கோயிலில் தங்கினார்கள். நோய்க்குறிகளின் கடுமையை அளக்கும் மனநல அளவுகோலில் வரும்போது 52.9 ஆக இருந்த சராசரி மதிப்பெண் கிளம்பும்போது 42.9 ஆகக் குறைந்திருந்தது. பல மருந்துகள் தரும் முன்னேற்றத்துக்கு இது நிகரானது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். எண்ணைவிட முக்கியமானது, அங்கே என்ன நடந்தது என்ற விவரிப்பு. நோய் தீர்ப்பதற்கென்று தனிச் சடங்கு எதுவும் கோயிலில் செய்யப்படவில்லை. பேயோட்டவில்லை, மந்திரிக்கவில்லை. காலையில் வழிபாடு, பிறகு பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள், உடன் குடும்பத்தில் ஒருவர். அச்சுறுத்தாத, ஆறுதலான சூழலே பலனளித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஒழுங்கான நாள், கையில் ஒரு வேலை, பக்கத்தில் தெரிந்த முகம், பைத்தியம் என்று கூப்பிடாத ஊர்: நல்ல மறுவாழ்வு மையம் தர விரும்புவது இவற்றைத்தான்.

ஆய்வின் வரம்புகளையும் மறைக்கக் கூடாது. 31 என்பது சிறு எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. கடுமையான கட்டத்தில் கொண்டுவரப்படும் நோயாளிகளில் சிலர் எங்கே தங்கியிருந்தாலும் ஆறு வாரத்தில் ஓரளவு தணிந்திருப்பார்கள். வீடு திரும்பியபின் அந்த முன்னேற்றம் எவ்வளவு காலம் நிலைத்தது என்பது இவ்வெண்களில் இல்லை. ஆகவே கோயில் நோயைத் தீர்க்கிறது என்பதற்கு இது நிரூபணம் ஆகாது. கோயிலுக்குப் போவது வீண் என்று கைகழுவுவதற்கும் இதன் பிறகு நியாயம் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நிலத்தில்தான் சமூகப்பணியாளர் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த நிலம் சிறியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு வந்த 198 மனநோயாளிகளை ஆராய்ந்து காம்பியனும் புக்ராவும் 1997இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களில் 45 விழுக்காட்டினர் மதம் சார்ந்த வைத்தியரை நாடியிருந்தார்கள். குணசீலம் பெருமாள் கோயிலும் ஏர்வாடி தர்காவும் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலும் மூன்று மதங்களைச் சேர்ந்தவை. மனநோயாளியை அழைத்துக்கொண்டு அங்கே போகும் குடும்பங்கள் மத எல்லை பார்ப்பதில்லை. ஏர்வாடிக்கு இந்துக்கள் வருவதும் புளியம்பட்டிக்கு எல்லா மதத்தவரும் வருவதும் அந்த ஊர்களில் செய்தியே அல்ல. தேசிய மனநல ஆய்வு 2015–16இல் கண்டபடி, வெவ்வேறு மனநோய்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தார்கள். மருத்துவர் இல்லாத ஊரிலும் கோயில் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கும் அதன் திண்ணை திறந்திருக்கிறது.

4. ஏர்வாடியில் தவறியது

அப்படியானால் ஏர்வாடியில் என்ன தவறியது? அங்கே நிலவும் நம்பிக்கையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுல்தான் சையது இபுராகீம் சாகீது அடங்கிய அந்த தர்காவில் தண்ணீரும் தர்கா விளக்கில் எரியும் எண்ணெயும் மருந்தாகக் கருதப்படுகின்றன. வந்தவர் எப்போது ஊர் திரும்பலாம் என்பதை மகான் கனவில் வந்து சொல்வார் என்பது நம்பிக்கை. உத்தரவு கிடைக்கும் வரை தங்கியிருக்க வேண்டும். இது வாரமாகவும் ஆகலாம், வருடமாகவும் ஆகலாம். அவ்வளவு காலம் உடன் தங்க முடியாத குடும்பங்கள், பணம் கொடுத்து நோயாளியை விட்டுச்செல்ல ஓர் இடம் தேடின. தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் அப்படித்தான் முளைத்தன. தாங்களும் நோயுற்ற உறவினரோடு அங்கே வந்து தங்கியவர்கள் பின்னர் காப்பகம் தொடங்கிய கதைகளும் உண்டு.

இந்த மாற்றத்தில் ஒன்று கைமாறியது. கனவு யாருடையது? நம்பிக்கையின்படி அது நோயுற்றவருக்கோ அவருக்குத் துணையாக இருப்பவருக்கோ வருவது. எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும், போகலாம் என்று சொல்லும் அதிகாரத்தின் ஒரு பங்கு அந்த ஏற்பாட்டில் நோயாளியிடம் இருந்தது. என் கனவில் வந்து போகச் சொன்னார் என்று ஒருவர் சொன்னால், நம்புகிற குடும்பம் அதைத் தட்டுவது கடினம். மாதக் கட்டணம் வாங்கும் காப்பகமும், ஊருக்குத் திரும்பி வந்துவிடுவாரோ என்று அஞ்சும் உறவினரும், காலில் சங்கிலியும் வந்த பிறகு அந்தக் கனவுக்குப் பொருளில்லை. சங்கிலிக்கு மத அடையாளம் பூசப்பட்டதே தவிர, அது வேலை செய்தது கடையின் பூட்டாகத்தான். ஆகவே ஏர்வாடியில் 28 பேரைக் கொன்றது நம்பிக்கை என்று சொல்வதைவிட, நம்பிக்கை அதை உடையவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று சொல்வதே துல்லியம்.

இது நம்பிக்கைக்குச் செய்யும் வக்காலத்து என்று யாரேனும் எண்ணலாம். மருத்துவமனையை இதே அளவுகோலால் அளந்து பார்த்தால் அந்த ஐயம் விலகும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்காக 1999இல் தயாரான அறிக்கை நாட்டின் 37 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்தது. சிறையின் அமைப்பு மாறாத கட்டடங்களையும் மனிதர் வாழத் தகாத நிலைகளையும் அது பதிவு செய்தது. அங்கே தர்காவும் இல்லை, கனவும் இல்லை. வெளியே போகும் வழி அடைபட்டிருந்தது மட்டும் ஒன்றே. பார்கவி தாவர் போன்ற மனநல உரிமைச் செயல்பாட்டாளர்கள் ஏர்வாடிக்குப் பின் வழிபாட்டிடங்களை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றியதைக் கண்டித்தது இதனால்தான். அவர்களின் கண்டனம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து, வழிபாட்டிடமே சிறந்த மாற்று என்ற முடிவுக்குத் தாவுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

5. பேய் பிடித்த பெண்

உதவி நாடி வருபவரின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். வருபவர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, அழைத்து வரப்படுகிறார். அப்போது மதிக்கப்படுவது யாருடைய நம்பிக்கை? தென்னார்க்காட்டுப் பகுதியில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் நபக்கோவ் 2000இல் வெளியிட்ட நூலில் பேயோட்டும் சடங்குகளை விரிவாக ஆராய்ந்தார். பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்களில் புதிதாக மணமான பெண்கள் பலர். கணவன் வீட்டில் ஒட்டாமல், சாப்பிடாமல், கணவனை நெருங்கவிடாமல் இருந்ததே அவர்களுக்குப் பேய் பிடித்ததற்கு அடையாளம். சடங்கு பேயின் பெயரைக் கேட்கிறது, அதன் கதையைச் சொல்லவைக்கிறது, பிறகு துரத்துகிறது. பெண் கணவனிடம் திரும்புகிறாள். அந்தச் சடங்குகள் பெண்ணின் குரலைக் கேட்பதுபோல் தொடங்கி, குடும்பம் விரும்பும் கதையை அவள் வாயால் சொல்லவைத்து முடிகின்றன என்பது நபக்கோவின் வாதம். மறுபுறம், தமிழகத்தில் ஆவியேறுதல் பற்றி 2013இல் நூல் வெளியிட்ட கல்பனா ராம் போன்றோர், அந்த நிலையில் பெண்களின் உடல் பேசுவதை இவ்வளவு இருட்டாகப் படிக்கத் தேவையில்லை என்று கருத இடம் தருகிறார்கள்.

இந்த விவாதத்தை மானிடவியல் தீர்க்கட்டும். சமூகப்பணிக்கு அதிலிருந்து கிடைப்பது தெளிவானது. அந்த மணப்பெண் முன்னால் உட்காரும் பணியாளர் இரண்டு தவறுகளைச் செய்யக்கூடும். பேய் என்பதெல்லாம் பொய், இது மனச்சோர்வு, மாத்திரை சாப்பிடு என்று சொல்வது ஒன்று. உங்கள் நம்பிக்கையை மதிக்கிறேன், கோயிலுக்குக் கூட்டிப்போங்கள் என்று மாமியாரிடம் சொல்வது மற்றொன்று. முன்னது அவள் மொழியைப் பறிக்கிறது. பின்னது அவளைப் பேசவிடாமல் செய்தவர்களின் மொழியை அவள் மேல் ஏற்றுகிறது. பண்பாட்டு மரியாதை என்ற பெயரில் இந்த இரண்டாவது தவறு இன்று அதிகம் நடக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, வீட்டார் இல்லாத அறையில், அந்த வீட்டில் உனக்கு என்ன நடக்கிறது என்று அவளைக் கேட்பதே சமூகப்பணி. அவள் பேயின் மொழியிலேயே பதில் சொன்னால் அந்த மொழியிலேயே கேட்டுக்கொள்ளலாம். அவளுக்கு அடி விழுகிறது என்று தெரிந்தால் அடுத்த அடி குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நோக்கி எடுத்து வைக்கப்பட வேண்டும், பூசாரியை நோக்கி அல்ல.

6. மறுப்புகள்

பகுத்தறிவு மரபிலிருந்து வரும் மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெரியாரும் அவர் வழி வந்தவர்களும் ஏழையின் துயரத்தை மூலதனமாக்கும் பூசாரித்தனத்தை ஒரு நூற்றாண்டாகத் தோலுரித்துக் காட்டியிருக்கிறார்கள். கோயிலுக்குள் மனநலப் பணியாளரை அனுப்பினால் கோயிலின் உரிமைகோரல்களுக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிடும், சிகிச்சை தள்ளிப்போகும் என்பது அவர்கள் தரப்பு. தள்ளிப்போவதன் விலை உண்மையானது. மனச்சிதைவு தொடங்கியபின் சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீள, மீட்சி கடினமாகிறது என்பதற்கு மருத்துவச் சான்று வலுவாக உண்டு. இந்த மறுப்பின் முதல் பாதியை நான் ஏற்கிறேன். கோயில் குணப்படுத்தும் என்று எந்தப் பணியாளரும் சொல்லக் கூடாது. இரண்டாம் பாதியை ஏற்கவில்லை. குடும்பம் எப்படியும் போகப்போகிறது. போகாதே என்று சொல்லும் பணியாளரிடம் அவர்கள் திரும்பி வருவதில்லை. மாத்திரை அத்தோடு நின்றுவிடுகிறது. போங்கள், மாத்திரையையும் எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்பவரிடம் திரும்பி வருகிறார்கள். பகுத்தறிவின் நோக்கம் மனிதரைக் காப்பது என்றால், தொடர்பு அறுபடாமல் வைத்திருப்பதே பகுத்தறிவுக்கு உகந்த வழி.

குஜராத்தின் உனாவா ஊரில் மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய திட்டம் இந்த வழியைச் செயலில் காட்டியது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள்படும் ‘தவா துவா’ என்ற பெயரில், தர்கா வளாகத்துக்குள்ளேயே மனநல மருத்துவர் அமர்ந்தார். தர்காவின் பணிகளைக் கவனிக்கும் முஜாவர்கள் நோயாளியை அவரிடம் அனுப்பப் பயிற்சி பெற்றார்கள். துவா நிறுத்தப்படவில்லை. ஏர்வாடியிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அதே முறை வந்தது. எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு இந்தத் திட்டங்களைத்தான் குறிவைக்கிறது. வழிபாட்டிடம் மருத்துவத்துக்கு ஆள் பிடித்துத் தரும் வாசலாகச் சுருங்குகிறது, அதன் ஆறுதல் வறண்டுபோகிறது என்கிறார்கள் வழிபாட்டிடங்களுக்காகப் பேசுபவர்கள். இந்த அச்சம் கற்பனை அல்ல. வரிசையில் நிற்கவைத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பும் முகாம் எங்கே நடந்தாலும் முகாம்தான். தர்காவுக்குள் நடந்தால் மட்டும் அது பண்பாட்டோடு இசைந்த சிகிச்சை ஆகிவிடாது. அங்கே மருத்துவரோடு சமூகப்பணியாளரும் உட்கார வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வீட்டுக்குப் போனபின் யார் பார்த்துக்கொள்வார்கள், வேலை என்ன, ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பேச்சுகள் மாத்திரைச் சீட்டில் எழுதப்படுவதில்லை.

பணியாளர் நம்பிக்கையாளராக இருந்து, நோயாளி கேட்டுக்கொண்டால் சேர்ந்து பிரார்த்திக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. ஒரே மதத்தவர்களாக இருந்தாலும், முடிந்தவரை தவிர்ப்பதே நல்லது என்பேன். உதவிக்குக் காத்திருப்பவர் உதவுபவரிடம் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார். விருப்பம் போலத் தெரிவது பல நேரம் அந்தத் தயக்கம்தான். அவருக்குப் பிரார்த்தனை வேண்டுமென்றால் அவருடைய போதகரையோ குருக்களையோ லெப்பையையோ வரவழைக்கலாம்.

7. சட்டம் வைத்திருக்கும் அளவுகோல்

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைத் தரும்போதே பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் உடல்நலத்துக்கும் அதை உட்படுத்துகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தச் சமநிலையை மேலும் கூர்மையாக்கியது. ஊரார் பின்பற்றும் மதநம்பிக்கைக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. நம்பாதவருக்கும், வேறு விதமாக நம்புபவருக்கும் அது காவல். 95ஆம் பிரிவு மனநோயாளியை எந்த முறையிலும் எந்த வடிவிலும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. மருத்துவமனைக்கு ஒரு விதி, தர்காவுக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதி என்று அது பிரித்துப் பேசவில்லை.

வழிபாட்டிடத்தோடு இணைந்து வேலை செய்யும் பணியாளர், அங்கே தங்கியிருப்பவர் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா, கிளம்ப நினைத்தால் கிளம்ப முடிகிறதா, வீட்டார் காதில் விழாமல் அவர் பேச ஓர் இடம் இருக்கிறதா என்று பார்த்தால், நம்பிக்கை அவருக்குத் துணையாக இருக்கிறதா, அவர் மேல் பூட்டாகத் தொங்குகிறதா என்பது தெரிந்துவிடும். அதைப் பார்க்கத் தொழில்முறைப் பட்டம் தேவையில்லை. நேர்த்திக்கடன் செலுத்தப் போகும் பக்தர்களும் அதைப் பார்க்கலாம். மனநோயாளி ஒருவர் பொறுப்பாளர்களால் வதைக்கப்படுவதாகவோ கைவிடப்பட்டதாகவோ நம்பக் காரணம் உள்ள எவரும் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 101ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த முறை ஒரு கோயில் மண்டபத்திலோ தர்கா முற்றத்திலோ மனிதக் காலில் சங்கிலியைக் கண்டால், கும்பிட்டுவிட்டுக் கடந்துபோகாதீர்கள். தெரிவியுங்கள்.